மூன்றாவது படத்துக்கு முன்

மலையாளத் 'திருஷ்யம்' வரிசையின் மூன்றாம் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இதை எழுதி முடித்துவிட வேண்டும் என்று தீர்மானித்திருக்கிறேன். பார்த்த பிறகு எழுதினால் பொய் சொல்லிவிடுவேன். படம் நன்றாக அமைந்துவிட்டால் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை என்பேன். சரிந்துவிட்டால் எனக்கு அப்போதே தெரியும் என்பேன். நம் விமர்சனத்தில் எதிர்பார்ப்புக்கு இடம் கிடையாது. ஒரு படைப்பு வந்து முடிந்த பிறகு அதைக் கிடத்தி வைத்துக்கொண்டுதான் பேசுகிறோம். அது வருவதற்கு முன் மனத்தில் நடக்கும் காரியங்கள், அற்ப ஆசைகள், பேரங்கள், பயங்கள் எல்லாம் திரையில் முதல் வெளிச்சம் விழுந்த கணமே ஆவியாகிப் போகின்றன. அவற்றையும் யாராவது எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

2025 பிப்ரவரியில் மூன்றாவது படம் உண்டு என்று மோகன்லால் அறிவித்தபோது எனக்குச் சந்தோஷமும் எரிச்சலும் ஒரே சமயத்தில் உண்டாயின. நண்பர் ஒருவரிடம் சொன்னேன். கவிதை எழுதுகிறவர், வருஷத்துக்கு நான்கு கவிதைக்கு மேல் எழுதிவிடக்கூடாது என்று விரதம் வைத்திருப்பவர். "வியாபார சினிமாவில் மூன்றாம் பாகம்ங்கறது பலசரக்குக் கடைக்காரன் மூணாவது கிளை தொறக்கற மாதிரி. இதுல எதிர்பார்க்க என்ன ஓய் இருக்கு?" என்றார். அவர் சொன்னதில் பாதி சரி. மற்ற பாதிக்காகத்தான் இந்தப் பக்கங்கள்.

2013 டிசம்பர் 19-இல் முதல் படம் வந்தது. நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன், அனாதை, ராஜாக்காட்டில் கேபிள் டி.வி. நடத்துகிறவன் ஜார்ஜ்குட்டி. அவன் கற்றதெல்லாம் ராத்திரி முழுக்கத் தன் கடையில் உட்கார்ந்து பார்த்த சினிமாவிலிருந்துதான். மூத்த மகள் அஞ்சுவை ஒளிந்திருந்து படம் பிடித்து மிரட்ட வந்த வருண், அஞ்சுவின் கையாலேயே அடிபட்டுச் செத்துப்போகிறான். அவன் போலீஸ் ஐ.ஜி. கீதா பிரபாகரின் ஒரே மகன். பிணத்தை மறைக்கிறான் ஜார்ஜ்குட்டி. அதோடு நில்லாமல் குடும்பம் முழுவதும் ஆகஸ்ட் 2-ஆம் தேதி தொடுபுழாவில் தியானத்துக்குப் போயிருந்ததாக ஒரு பொய்யைக் கட்டி எழுப்புகிறான். போனது உண்மை. தேதிதான் பொய். பஸ் கண்டக்டர், ஹோட்டல்காரர், தியேட்டரில் படம் ஓட்டுகிறவர் எல்லாரும் மனசாட்சிப்படி சாட்சி சொல்கிறார்கள். ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. அத்தனை பேருடைய உண்மைகளையும் அடுக்கி அவன் ஒரு பொய்யைச் செய்திருக்கிறான்.

இந்த இடத்தில் என் உத்தியோகம் குறுக்கே வருகிறது. நான் பாங்கில் கிளார்க். தேதிதான் என் ஜீவனம். எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போன பிறகும் காலையில் வந்ததும் ரப்பர் முத்திரையில் தேதியைத் திருப்பி, ஒரு பழைய தாளில் குத்திப் பார்த்துவிட்டுத்தான் கவுண்டரில் உட்காருகிறேன். பென்ஷன் வாங்கும் கிழவர்கள் வருவார்கள். "நான் பணம் எடுத்தது வெள்ளிக்கிழமையாக்கும், சந்தை நாளு" என்று அடித்துச் சொல்வார்கள். கணக்கில் வியாழன் என்றிருக்கும். அவர்கள் புளுகவில்லை. வெள்ளிக்கிழமை என்று யாரோ பேச்சுவாக்கில் சொல்லியிருப்பார்கள். சந்தைக்கூட்டம், தேங்காய் விலை, வெயில் எல்லாம் வந்து அந்த வெள்ளியைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கும். மனித நினைவு தேதியைப் பிடித்து வைப்பதில்லை, காட்சியைத்தான் பிடித்து வைக்கிறது என்பதை ஜீத்து ஜோசப் எங்கே கற்றாரோ தெரியாது. நான் கவுண்டரில் கற்றேன். படத்தின் பெயரே அதுதான். ஒரு ஜனரஞ்சகப் படம் தன் மையமான கருத்தைத் தலைப்பிலேயே போட்டுவிட்டு, அதைப் பற்றிப் பிரசங்கம் செய்யாமல் காரியத்தை நடத்திக்கொண்டு போனது எனக்கு அப்போது பெரிய ஆச்சரியம். நாம் மதிக்கிற பல கலைப் படங்களுக்கு இந்த அடக்கம் வருவதில்லை.

அந்தப் படத்தை 2014 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் அப்பாவோடு பார்த்தேன். அவரைக் கண் டாக்டரிடம் காட்ட நாகர்கோவிலிலிருந்து கூட்டிப் போயிருந்தேன். பரிசோதனைக்காகக் கண்ணில் மருந்து விட்டிருந்தார்கள். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. திரை அவருக்கு மங்கலாகத்தான் தெரிந்திருக்கும். பெரும்பாலும் காதால்தான் பார்த்தார். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர் அவர். ஒரு ரூபாய் சில்லறை கூடுதலாக வந்துவிட்டால் திரும்ப நடந்து போய்க் கொடுத்துவிட்டு வருகிறவர். களியக்காவிளை தாண்டும் வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அவன் பிடிபடப்பிடாது, பாத்துக்கோ" என்றார். படம் முடிந்துவிட்டது, இனிப் பிடிபடுவதற்கு ஒன்றுமில்லை. அவருக்கு முடியவில்லை போலும். அன்றைக்கே இரண்டாம் பாகத்துக்கான ஆசை அவரிடம் பிறந்துவிட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

இந்த வாக்கியத்தை நான் நிறைய யோசித்திருக்கிறேன். வாழ்நாளில் கணக்குப் புத்தகத்தில் ஒரு அடித்தல்கூட விடாத மனிதர் ஒரு கொலையை மறைத்தவன் பிடிபடக்கூடாது என்று பிரார்த்திக்கிறார். அவரை அந்த நிலைக்குக் கொண்டுவருவதற்குப் படம் என்னென்ன செய்கிறது என்று பார்த்தால் சாமர்த்தியம் புரியும். செத்தவனை அயோக்கியனாக்குகிறது. போலீஸ்காரன் சகதேவனைக் கொண்டு சின்னப் பெண்ணை அடிக்க வைக்கிறது. சட்டம் நியாயம் என்பவையெல்லாம் ஒரு பக்கம் ஏழைச் சொல்லுக்கு மதிப்பில்லாத அதிகாரமாகவும், மறுபக்கம் நாலு பேர் கொண்ட ஒரு வீடாகவும் பிரிந்துவிடுகின்றன. வீட்டின் பக்கம் நில் என்று யாரும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் பிணம் எங்கே என்று காட்டுகிறார்கள்: புதிதாகக் கட்டிய போலீஸ் ஸ்டேஷனின் தரைக்கு அடியில். கட்டி முடியாத அந்தக் கட்டடத்திலிருந்து கையில் மண்வெட்டியோடு ஜார்ஜ்குட்டி வெளியே வருகிறான். மனைவிக்கும் மகள்களுக்கும்கூடத் தெரியாத ரகசியம் அவனுக்கும் நமக்கும் மட்டும் தெரிகிறது. அந்த நொடியில் ரசிகன் கூட்டாளியாகிறான். ரசிகர்கள் இந்தப் படத்தின்மேல் வைத்திருக்கும் பிரியத்தில் பாதி, ரகசியத்தில் பங்கு கிடைத்தவனின் பெருமிதம்தான் என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாம் படம் 2021 பிப்ரவரி 19-இல், கொள்ளைநோய்க் காலத்தில், தியேட்டருக்கு வராமல் அமேஸான் பிரைமில் வீட்டுக்கே வந்தது. அதற்கு முன் நான் பட்ட அவஸ்தை இப்போது படுவதைவிட அதிகம். முதல் படம் தன்னளவில் பூரணமானது. அதன் மௌனம்தான் அதன் முடிவு. மௌனத்துக்கு எப்படி இரண்டாம் பாகம் எழுத முடியும்? எழுதினார்கள். எழுதிய விதம் என்னைக் கலங்க வைத்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் ஏழு வருஷமாகத் தனியாக நின்றுகொண்டிருந்த அதே இரவில், அதே கட்டடத்தின் வாசலில், இன்னொருவனும் இருந்தான் என்றது படம். ஜோஸ் என்ற ஒரு கொலையாளி தப்பி ஓடும்போது ஜார்ஜ்குட்டி வெளியே வருவதைப் பார்த்திருக்கிறான். ரகசியம் நமக்கு மட்டும் சொந்தமாக இருந்ததே இல்லை. தொடர்ச்சிப் படங்கள் பொதுவாக எதிர்காலத்தைத்தான் நீட்டும். இது கடந்த காலத்துக்குள் புகுந்து ஒரு ஆளை நிறுத்தியது. மோசடி என்றும் சொல்லலாம், நாவல் கலையின் மிகப் பழைய உரிமை என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டு மாதிரியும் தோன்றியிருக்கிறது.

இதைவிடச் சுவாரஸ்யமானது ஒன்று. ஊர்க்காரர்கள் எல்லாரும் அந்த வீட்டைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். டீக்கடையிலும் பஸ்ஸிலும் அதே பேச்சு. அவர்கள் முதல் படத்தின் ரசிகர்கள்! செர்வான்டிஸ் 1615-இல் 'டான் கிகோட்டே'யின் இரண்டாம் பாகத்தை எழுதியபோது, அதில் வரும் பாத்திரங்கள் 1605-இல் வெளிவந்த முதல் பாகத்தைப் படித்தவர்களாக இருந்தார்கள். அதற்கும் ஒரு வருஷம் முன்னால் அவெய்யானேதா என்ற பெயரில் யாரோ ஒருவர் போலி இரண்டாம் பாகம் ஒன்றை எழுதி வெளியிட்டுவிட்டார். அந்தப் போலிப் புத்தகத்தில் கிகோட்டே சரகோசா நகரத்துக்குப் போகிறான் என்பதற்காக, அசல் கிகோட்டே சரகோசாவுக்குப் போக மாட்டேன் என்று வழியை மாற்றிக்கொள்கிறான். ஜீத்து ஜோசப்பின் நிலைமையும் ஏறக்குறைய இதுதான். மூன்றாம் பாகம் எப்படி இருக்கும் என்று கேரளத்தில் ஒவ்வொரு டீக்கடையும் ஒரு கதை எழுதி வைத்திருக்கிறது. என்னிடம்கூட மூன்று இருக்கின்றன. அவற்றில் எந்தச் சரகோசாவுக்கும் போகாமல் அவர் போய்ச் சேர வேண்டும்.

தன்னைச் சுற்றிப் பேசுகிற கதைகளை ஜார்ஜ்குட்டியும் சும்மா விடவில்லை. இப்போது அவன் ஒரு தியேட்டருக்குச் சொந்தக்காரன். படம் எடுக்கப் போகிறேன் என்று ஒரு கதாசிரியரோடு உட்கார்ந்து வருஷக்கணக்காகத் திரைக்கதை பேசுகிறான். பிறகு அந்தக் கதையே நாவலாக அச்சாகிக் கோர்ட்டில் அவனைக் காப்பாற்றும் சாட்சியமாகிறது. சினிமா பார்த்தவன் சினிமா எடுக்கிறவனாகிறான். இதிலெல்லாம் எனக்குப் புகார் இல்லை, கைதட்டினேன். அம்மாவும் நானும்தான் வீட்டில் பார்த்தோம். அப்பா 2019-இல் போய்விட்டார். தடயவியல் கூடத்தில் எலும்புகளை மாற்றி வைத்த விஷயம் வெளியானபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். அம்மா எழவில்லை. "அது ஆருக்க பிள்ளைக்க எலும்பு மக்களே?" என்று கேட்டாள்.

படத்தில் விடை உண்டு. ஒரு வரி விடை. குழி வெட்டுகிறவன் ஒருவனோடு பழகி, செத்துப்போன வேறொரு இளைஞனின் எலும்புகளை ஜார்ஜ்குட்டி முன்னமே சம்பாதித்து வைத்திருக்கிறான். அம்மா கேட்டது அதை அல்ல. அந்தப் பையனுக்கும் ஒரு தாய் இருப்பாளே என்பதுதான் அவள் கேள்வி. திரையில் ஒரு தாய் தன் மகனின் சாம்பலுக்காகக் காத்திருக்கிறாள். திரைக்கு வெளியே இன்னொருத்தி, தன் மகன் புதைத்த இடத்தில்தான் இருக்கிறான் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். சாமர்த்தியத்தில் மயங்கிய எனக்கு அந்த இரண்டாவது தாய் புலப்படவில்லை. படத்துக்கும் புலப்படவில்லை என்றுதான் நினைக்கிறேன். அம்மாவுக்கு விமர்சன சாஸ்திரம் ஒன்றும் தெரியாது. சீரியலுக்கு நடுவே வந்து உட்கார்ந்தவள்.

அன்றிலிருந்து என் எதிர்பார்ப்பு இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. அப்பாவின் வாக்கியம் ஒரு பக்கம், அம்மாவின் கேள்வி மறுபக்கம். ரசிகன் அப்பாவோடு நிற்கிறான். விமர்சகன் அம்மாவோடு நிற்க விரும்புகிறான், ஆனால் கால் வரவில்லை.

மற்ற தேசத்துக்காரர்கள் இந்த முடிச்சை எப்படி அவிழ்த்தார்கள் என்பதும் பார்க்கத் தகுந்தது. கெய்கோ ஹிகாஷினோ என்ற ஜப்பானியரின் 2005-ஆம் வருஷத்து நாவல் ஒன்று இதே மாதிரிப் பிழையற்ற ஒரு மறைப்பைப் பற்றியது. 'திருஷ்யம்' அதிலிருந்து வந்தது என்று பேச்சு எழுந்து ஜீத்து ஜோசப் மறுத்தார். அந்த வம்பு நமக்கு வேண்டாம். அந்த நாவலில், யாரைக் காப்பாற்ற அத்தனை பெரிய கணிதம் போடப்பட்டதோ அந்தப் பெண்ணே தாங்க முடியாமல் ஒப்புக்கொண்டுவிடுகிறாள். 2019-இல் சீனர்கள் 'திருஷ்ய'த்தையே தாய்லாந்தில் நடப்பதாக மாற்றி எடுத்தார்கள். அதில் தகப்பன் கடைசியில் சரணடைந்துவிடுகிறான். படம் பெரிய வெற்றி. வெற்றி பெற்ற பெயரை விட மனமில்லாமல் 2021-இல் அதே பெயரில் இரண்டாம் படமும் எடுத்தார்கள். அதே நடிகர்தான், ஆனால் வேறு மனிதன், வேறு கதை. சரணடைந்தவனைக் கொண்டு எப்படித் தொடர்வது? வியாபாரத்தின் கணக்கு இதில் துல்லியமாகத் தெரிகிறது. ஜார்ஜ்குட்டி பிடிபடாமல் இருப்பது அவன் குடும்பத்துக்கு எவ்வளவு அவசியமோ அவ்வளவு அவசியம் பட முதலாளிக்கும். அவன் வாயைத் திறந்தால் கடை மூடப்படும். என் கவிஞ நண்பரின் கிளைக்கடை உவமை இந்த இடத்தில் பலிக்கிறது.

தமிழில் நமக்குக் கிடைத்தது 2015-இல் வந்த 'பாபநாசம்'. ஜீத்து ஜோசப்பே இயக்கினார், ஜெயமோகன் வசனம். சுயம்புலிங்கம் திருநெல்வேலித் தமிழ் பேசினான். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அந்தப் பேச்சில் சில இடங்களில் ருசியும் சில இடங்களில் பல்லில் மணலும் தட்டுப்பட்டன. கடைசியில் செத்தவனின் பெற்றோர் எதிரில் பூடகமாகக் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் கட்டத்தில் மோகன்லால் ஏறக்குறைய எதையுமே வெளியே விடுவதில்லை; கமல்ஹாசன் உடைந்து அழுதுவிடுகிறார். எது சிறந்த நடிப்பு என்று அந்த வருஷம் முழுவதும் சண்டை போட்டோம். இன்று யோசிக்கும்போது சண்டை நடிப்பைப் பற்றியதே அல்ல என்று படுகிறது. சுயம்புலிங்கம் அழுததில் ஏதோ கொஞ்சம் தீர்ந்துவிட்டது. அவனுக்கு இரண்டாம் பாகம் வரவில்லை, எனக்கு அது குறையாகவும் தோன்றவில்லை. ஜார்ஜ்குட்டி அழாமல் வைத்துக்கொண்டது இரண்டு படங்கள் கழித்தும் அவன் முகத்திலேயே இருக்கிறது. மோகன்லாலின் இடது புருவத்துக்குக் கீழே அது எங்கேயோ இருப்பதாக எனக்கு ஒரு பிரமை. மூன்றாவது படத்தின் மேல் எனக்கு நம்பிக்கை என்று ஏதாவது இருந்தால் அது திரைக்கதையின்மேல் அல்ல, அந்த முகத்தின்மேல்தான்.

முடிவு தன் மனதில் இருக்கிறது என்று ஜீத்து ஜோசப் 2021-லேயே பேட்டிகளில் சொன்னார். ரசிகர்கள் குதூகலித்தார்கள். எனக்குப் பயமாக இருந்தது. முடிவை முதலில் கண்டுபிடித்துவிட்டு அதற்கு வழி அமைப்பது துப்பறியும் கதைக்காரனின் முறை. அதில் இழிவு ஒன்றும் இல்லை, முதல் படமும் அப்படிச் செய்ததாகவே இருக்கலாம். ஆனால் திருப்பம் என்பதற்கு ஒரு சுபாவம் உண்டு. ஒவ்வொரு தடவையும் முந்தினதைவிடப் பெரிதாக வேண்டும். தரைக்கு அடியில் பிணம், பிறகு கூடத்தில் மாற்றிய எலும்பு, இனி? ரசிகன் கேட்பது அதைத்தான். இந்தத் தடவை எப்படித் தப்பிப்பான் என்று. எப்படித் தப்பிப்பான் என்று கேட்கிறவரை யாரிடமிருந்து தப்புகிறான் என்ற கேள்வி எழாது.

கல்லூரி லைப்ரரியில், பாடத்தில் இல்லாததாலேயே, ஏஸ்கிலஸின் 'ஓரெஸ்டையா'வை ஆங்கிலத்தில் படித்தேன். கி.மு. 458-இல் ஏதென்ஸில் நடிக்கப்பட்ட மூன்று நாடகங்கள். முதலாவதில் மனைவி கணவனைக் கொல்கிறாள். இரண்டாவதில் மகன் அந்தத் தாயைக் கொல்கிறான். மூன்றாவதில், சிந்திய தாயின் ரத்தத்துக்காகப் பழிவாங்கும் தேவதைகள் மகனைத் துரத்திக்கொண்டு வருகின்றன. பார்க்க வந்த ஜனங்களுக்குக் கதை முழுக்கத் தெரியும். இன்றைய ரசிகனைப் போல முடிவை யாராவது சொல்லிவிடுவார்களோ என்று காதைப் பொத்திக்கொள்ளும் அவசியம் அவர்களுக்கு இல்லை. அதீனா ஒரு நீதிமன்றம் அமைக்கிறாள். வாக்குகள் சரிசமமாகப் பிரிகின்றன, ஓரெஸ்டிஸ் விடுதலையாகிறான். நாடகம் அங்கே முடிந்திருக்கலாம். முடியவில்லை. விடுதலை ஆனவன் போன பிறகும் அந்தத் தேவதைகள் மேடையிலேயே நிற்கின்றன. கோபம் தணியவில்லை. அவர்களிடம் அதீனா நெடுநேரம் மன்றாடி, ஊருக்குள் அவர்களுக்கென்று ஒரு இடம் கொடுத்து, மரியாதை கொடுத்துக் குடியேற்ற வேண்டியிருக்கிறது. குற்றவாளி தப்பினானா என்பது மூன்றாம் நாடகத்தில் பாதியிலேயே தீர்ந்துவிடும் விஷயம். மிச்சமெல்லாம் பாதிக்கப்பட்டவர்களின் கோபத்தை என்ன செய்வது என்பதுதான்.

ஜார்ஜ்குட்டியின் கதையில் அந்த இடத்தில் நிற்பவள் கீதா பிரபாகர். முதல் படத்தில் அவளுக்கு இரண்டு முகம் இருந்தது: அதிகாரத்தால் ஒரு குழந்தையை அடிக்க அனுமதித்தவள், மகன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொண்ட பிறகும் அவனைத் தேடுகிறவள். இரண்டாவதில் அவளை வெறும் வஞ்சமாகச் சுருக்கிவிட்டார்கள். துக்கம் முழுவதும் கணவன் பிரபாகரிடம் போய்விட்டது. எலும்பையாவது கொடு, சடங்கு செய்ய வேண்டும் என்று அவர்தான் கேட்கிறார். ஜார்ஜ்குட்டி சாம்பலைச் சேர்ப்பிக்கிறான். இது அவனுடைய மனிதத்தன்மைக்கு அத்தாட்சி என்று என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் கண் கலங்கச் சொன்னார். எனக்கு அப்படிப் படவில்லை. கடன்காரன் தன் சௌகரியப்படி, தன் பெயர் வராமல், அசலில் ஒரு சின்னத் தொகையை அனுப்பி வைப்பதைப் போலிருந்தது. பெற்றுக்கொண்டதற்கு ரசீதுகூடக் கிடையாது. அவன் வாழ்நாள் முழுவதும் பயந்துகொண்டிருப்பதே அவனுக்குத் தண்டனை என்ற அர்த்தத்தில் படத்தின் கடைசியில் போலீஸ் தரப்பிலேயே சமாதானம் சொல்லப்படுகிறது. பயம் தண்டனையாக இருக்கலாம். அது கீதா பிரபாகருக்குப் பதில் ஆகாது.

இன்னொருத்தி இருக்கிறாள். எல்லாரும் மறந்துபோன ஒருத்தி. அடித்தவள் அஞ்சு. அந்தச் செயல் அவளுடையது. இரண்டு படங்களாக அப்பா அதை அவளிடமிருந்து பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டிருக்கிறான். இரண்டாம் படத்தில் அவள் போலீஸைக் கண்டால் நடுங்குகிறாள், வலிப்பு வருகிறது, கல்யாணப் பேச்சு வருகிறது. அவள் உடம்பு பேசுகிறது, அவள் பேசுவதில்லை. தியாகம் என்று நாம் கும்பிடுகிற அந்தத் தகப்பன் பாசத்துக்குள்ளே, மகள் தன் வாழ்க்கையின் மிகப் பெரிய செயலுக்குத் தானே பொறுப்பேற்க முடியாதபடி செய்துவிட்ட ஒரு அபகரிப்பும் இருக்கிறது. நம் வீடுகளில் பெண்களுக்கு நடப்பதும் இதுதானே. அவர்கள் படிப்பு, கல்யாணம், குற்றம் எல்லாவற்றையும் அப்பாமார்களே செய்து முடிக்கிறார்கள். ஜப்பானிய நாவலின் அந்தப் பெண்ணைப் போல அஞ்சு ஒருநாள் தானாக எழுந்து, அப்பாவைக் கேட்காமல், போலீஸ் ஸ்டேஷன் படியேறினால்? அவனுடைய கணக்கில் வராத ஒரே சாட்சி அவள்தான். ஊரார் நினைவையெல்லாம் திருத்தி எழுதியவனால் அவள் நினைவில் ஒரு தேதியைக்கூட மாற்ற முடியாது.

இப்படி நடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நடக்காது என்றும் எதிர்பார்க்கிறேன். இதுவும் டீக்கடையில் எழுதப்பட்ட சரகோசாவில் ஒன்று என்பது தெரியாமல் இல்லை. சின்ன மகள் அனுவாக நடிக்கும் எஸ்தர் அனில் முதல் படத்தில் சிறுமி. சகதேவனின் அடி தாங்காமல் குழியைக் கை காட்டியவள் அவள். அந்த முகம் வளர்ந்து பெரிய பெண்ணின் முகமாகிவிட்டது. ட்ருஃபோ, ழான் பியர் லியோவை 1959-இலிருந்து 1979 வரை அந்த்வான் துவானெல் என்ற ஒரே பாத்திரமாக ஐந்து படங்களில் வளரவிட்டுப் படம் பிடித்தார். அங்கே காலமே கதையாக இருந்தது. இங்கே அதே வசதி தற்செயலாக வாய்த்திருக்கிறது. உபயோகிப்பார்களா, இல்லை அடுத்த புதிருக்கு அவளை ஒரு சாவியாக மட்டும் வைத்துக்கொள்வார்களா என்று சொல்ல முடியவில்லை.

டிக்கெட் எடுப்பது பற்றி அம்மாவிடம் பேச்செடுத்தேன். தியேட்டர் படி ஏற முட்டி விடாது, நீ பார்த்துவிட்டு வந்து சொல் என்றாள். கதையைச் சொல்லவா என்று கேட்டேன். கதை வேண்டாம், அந்தப் போலீஸ்காரி அம்மைக்கு என்ன ஆச்சு என்று மட்டும் சொன்னால் போதும் என்றாள். என் பக்கத்து இருக்கையில் யார் உட்கார்ந்திருப்பார்களோ தெரியாது. ஜார்ஜ்குட்டி முதல் தடவை திரையில் வரும்போது விசில் அடிப்பார்கள். நானும் கைதட்டுவேன் என்றுதான் நினைக்கிறேன்.